'என்ற' வரும் இடமெல்லாம் 'தட்' வருமா?

பினாங்கில் ஆறாம் படிவம் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். மூவெட் என்ற மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வுக்குக் கட்டுரை எழுதிப் பழகுகிறாராம். 'த ஃபேக்ட் தட் ப்ரைசஸ் ஆர் ரைசிங்' என்று எழுதினால் ஆசிரியர் ஒன்றும் சொல்வதில்லை. 'த ப்ராப்ளம் தட் ப்ரைசஸ் ஆர் ரைசிங்' என்று எழுதினால் சிவப்பு மையில் சுழித்து, நடுவில் 'இஸ்' சேர்க்கச் சொல்கிறார். 'த நியூஸ் விச் ஹி டைட்' என்று எழுதியதும் தப்பாம். "மூன்றிலும் ஒரு பெயர்ச்சொல், அதன் பின்னால் ஒரு வாக்கியம். தமிழில் நடுவே 'என்ற' போட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இத்தனை விதம்?" என்பது அவர் கேள்வி.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை வகுப்பு எடுக்கும் எனக்கு இது வாராவாரம் கண்ணில் படும் விஷயம். விதிகளைப் பட்டியல் போடலாம், ஆனால் மனதில் நிற்காது. நமக்குத் தமிழும் தெரியும், மலாயும் தெரியும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பார்த்தால் ஆங்கிலத்தின் போக்கு பிடிபடும்.

'விச்' தகராறை முதலில் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் 'தட்' என்று ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. 'த நியூஸ் தட் ஹி ப்ராட்' என்றால் அவர் கொண்டுவந்த செய்தி. 'த நியூஸ் தட் ஹி டைட்' என்றால் அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி. முதலாவதில் 'ப்ராட்' என்ற வினைக்குச் செயப்படுபொருள் இல்லை. எதைக் கொண்டுவந்தார்? செய்தியை. அந்தச் செய்திதான் முன்னால் போய் நிற்கிறது, வாக்கியத்துக்குள் அதன் இடம் காலியாக இருக்கிறது. இரண்டாவதில் 'ஹி டைட்' தனியாக நிற்கக்கூடிய முழு வாக்கியம். எங்கும் ஓட்டை இல்லை. ஓட்டை இருந்தால் 'தட்'டுக்குப் பதில் 'விச்' போடலாம், ஓட்டை இல்லாத இடத்தில் போட முடியாது. அவ்வளவுதான்.

தமிழில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். ஒன்றுக்குப் பெயரெச்சம், மற்றதற்கு 'என்ற'. ஆனால் நாம் 'அவர் இறந்த செய்தி' என்றும் சொல்கிறோம். அங்கே 'என்ற' மறைந்துபோய், 'கொண்டுவந்த செய்தி' போலவே உருவம் எடுத்துவிடுகிறது. 'த நியூஸ் விச் ஹி டைட்' என்ற வாக்கியத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். சந்தேகம் வந்தால் மலாயில் சொல்லிப் பாருங்கள். 'பெரித்தா பஹாவா' ('என்ற செய்தி') வந்தால் அது செய்தியின் உள்ளடக்கம், 'விச்' கூடாது. 'பெரித்தா யாங்' வந்தால் ஓட்டை உள்ள வகை, 'விச்' போடலாம். ஒரே எச்சரிக்கை: பேச்சு மலாயில் இரண்டுக்கும் 'யாங்' போட்டுப் பேசுகிறார்கள். ஆகவே பாசாரில் (சந்தையில்) பேசும் மலாயை வைத்துச் சோதிக்காதீர்கள், ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வுக் கட்டுரையில் எழுதிய மலாயை வைத்துச் சோதியுங்கள்.

இன்னொன்று. 'த க்ளெய்ம் தட் ஹி மேட்' என்று படிக்கும்போது 'அவர் சொன்ன கூற்று' என்று தோன்றும். அதே வரி 'த க்ளெய்ம் தட் ஹி மேட் அ ப்ராஃபிட்' என்று நீண்டால் 'அவருக்கு லாபம் கிடைத்தது என்ற கூற்று' என்று பொருள் தலைகீழாகிவிடும். வாசிப்புத் தாளில் அவசரமாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில் சறுக்குவார்கள். வாக்கியம் முடியும்வரை எந்த 'தட்' என்று தீர்மானிக்க வேண்டாம்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

தமிழில் உள்ளடக்கம் முன்னால் வரும், அதற்கான பெயர் கடைசியில் வரும். 'கடையை மூடப் போகிறார்கள் என்ற...' வரை சொல்லிவிட்டு மூச்சு வாங்கலாம். அது வதந்தியா, அறிவிப்பா, பயமா, உண்மையா என்பதைக் கடைசி நொடியில் முடிவு செய்துகொள்ளலாம். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. 'த ரூமர் தட்', 'த ஃபியர் தட்', 'த அனவுன்ஸ்மென்ட் தட்' என்று டப்பாவின் மேல் சீட்டை ஒட்டிய பிறகுதான் உள்ளே பொருளைப் போட முடியும். வாசகர் சீட்டை முதலில் படித்துவிடுகிறார், உள்ளே இருப்பதை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார். ஆகவே பெயர்ச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது ஆங்கிலத்தில் உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லும் செயல். 'த ஃபேக்ட் தட்' என்று தொடங்கிவிட்டால் பின்னால் வருவது உண்மை என்று நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். 'கைப்பேசிதான் மாணவர்களைக் கெடுக்கிறது' என்பதை 'த ஃபேக்ட் தட்'டுக்குப் பின்னால் போடுவது பொருத்தமில்லை. அது ஒரு கருத்து. 'த பிலீஃப் தட்', 'த வியூ தட்', 'த ஆர்க்யுமென்ட் தட்' என்று எழுதினால், இவர் யோசித்து எழுதுகிறார் என்று படிப்பவருக்குத் தெரியும். நீதிமன்றச் செய்திகளில் தீர்ப்பு வரும்வரை 'த அலிகேஷன் தட்' என்றே எழுதுவதும் இதனால்தான்.

இப்படி ஒரு வாக்கியத்தையே உள்ளே வாங்கிக்கொள்ளும் பெயர்ச்சொற்களுக்கு மொழியியலில் 'ஷெல் நௌன்' என்று ஒரு பெயர் உண்டு. ஹான்ஸ்-யோர்க் ஷ்மிட் என்ற ஜெர்மானிய அறிஞர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில் இப்படிப்பட்ட 600-க்கும் மேற்பட்ட சொற்களை எடுத்து, எது எந்த அமைப்பில் வருகிறது என்று உண்மையில் புழங்கிய ஆங்கிலத்தின் பெரிய தொகுப்பு ஒன்றில் தேடிப் பார்த்தார். ஒரு சொல்லுக்கு 'தட்' ஒட்டும், இன்னொன்றுக்கு 'இஸ் தட்' ஒட்டும், வேறொன்றுக்கு 'டு' மட்டுமே ஒட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் தனிப் பழக்கம் இருக்கிறது.

உங்கள் 'ப்ராப்ளம்' அங்கேதான் மாட்டுகிறது. கூற்று, நம்பிக்கை, வதந்தி, அறிவிப்பு ஆகியவை இயல்பிலேயே ஒரு வாக்கியத்தால் ஆனவை. யாரோ சொன்னது, யாரோ நம்பியது. அதனால் 'தட்' நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. 'ஃபேக்ட்' இரண்டு பக்கமும் போகும். 'ப்ராப்ளம்', 'ட்ரபிள்', 'திங்' அப்படியல்ல. ஒழுகும் குழாயும் பிரச்சினைதான், பக்கத்து வீட்டுக்காரரும் பிரச்சினைதான். அந்தச் சொல் உள்ளடக்கத்தின் பெயர் அல்ல, உள்ளடக்கத்துக்கு நாம் போடும் மதிப்பெண். ஆகவே நடுவில் 'இஸ்' வைத்து 'இதுதான் அது' என்று இணைக்க வேண்டியிருக்கிறது: 'த ப்ராப்ளம் இஸ் தட் ப்ரைசஸ் ஆர் ரைசிங்'. மலாயில் 'மசாலாஹ்ஞா இயாலா' ('பிரச்சினை என்னவென்றால்') என்று தொடங்குகிறோமே, அதே அமைப்பு. ஆங்கிலேயரே சில நேரம் 'த ப்ராப்ளம் தட்' என்று எழுதுவதுண்டு, இலக்கணக் கொலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேர்வுத் தாளில் அதற்காகச் சண்டை போடுவது வீண். 'திங்' விஷயத்தில் அந்தச் சலுகையும் இல்லை. 'த திங் இஸ் தட் ஹி லெஃப்ட்' சரி. 'இஸ்' இல்லாமல் எழுதினால் 'அவர் விட்டுச்சென்ற பொருள்' என்று அர்த்தமே மாறிவிடும்.

அப்புறம், 'இஸ்' இருப்பதற்கும் இல்லாததற்கும் இன்னொரு பெரிய வேறுபாடு. 'த ஃபேக்ட் இஸ் தட் ப்ரைசஸ் ஆர் ரைசிங்' முழு வாக்கியம், முற்றுப்புள்ளி வைக்கலாம். 'த ஃபேக்ட் தட் ப்ரைசஸ் ஆர் ரைசிங்' வெறும் பெயர்த்தொடர், 'விலை ஏறுகிறது என்ற உண்மை' என்பதோடு நின்றுவிட்டது. அந்த உண்மை என்ன செய்தது? கவலை தந்தது, யாரையோ பாதித்தது, எதையோ காட்டியது என்று ஒரு வினை வந்தாக வேண்டும். 'தட்'டுக்குள் ஒரு வினை இருப்பதைப் பார்த்து வாக்கியம் முடிந்துவிட்டது என்று நினைத்து முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். என்னிடம் வரும் கட்டுரைகளில் 'விச்' தவறைவிட இதுதான் அதிகம். அந்த வினை ஒருமையில் வரும் என்பதையும் மறக்காதீர்கள். 'ப்ரைசஸ்' பன்மையாக இருந்தாலும் எழுவாய் 'ஃபேக்ட்', ஆகவே 'வொரீஸ்'.

இங்கே இலக்கண ஆசிரியர்களே ஒத்துப்போகாத ஓர் இடம் இருக்கிறது. 1985-ல் ராண்டால்ஃப் க்வர்க் குழுவினர் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம், 'த நியூஸ் தட் ஹி டைட்' போன்றவற்றில் பெயரும் வாக்கியமும் ஒன்றையே குறிக்கின்றன, இரண்டும் சரிசமம் என்று பார்த்தது. 2002-ல் ஹடில்ஸ்டனும் புல்லமும் கொண்டுவந்த இலக்கணம் அதை ஏற்கவில்லை. வினைக்குச் செயப்படுபொருள் போல, பெயர்ச்சொல் கேட்டு வாங்கிக்கொள்ளும் நிரப்பி அது என்றது. வெறும் பண்டிதச் சண்டை என்று தோன்றும். ஆனால் 'ப்ரூஃப்' என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள்.

'த ப்ரூஃப் தட் ஹி கேம்' என்றால் அவர் வந்தார் என்பதற்கான சான்று. அவர் வந்ததே சான்று அல்ல. சான்று வேறு ஏதோ: கைரேகை, உடைந்த ஜன்னல். 'த ப்ரூஃப் இஸ் தட் த விண்டோ இஸ் ப்ரோக்கன்' என்று எழுதினால் 'தட்'டுக்குப் பின்னால் வருவதே சான்று. 'இஸ்' இல்லாதபோது நிரூபிக்கப்படும் விஷயம் வருகிறது, 'இஸ்' வந்தால் நிரூபிக்கும் விஷயம் வருகிறது. 'ரீசன்' என்ற சொல்லும் இப்படியே புரளும். 'த ரீசன் தட் ஹி லெஃப்ட்' என்றால் அவர் போனதற்குக் காரணம், அதாவது விளைவு 'தட்'டுக்குள் இருக்கிறது. 'த ரீசன் இஸ் தட் ஹி வாஸ் இல்' என்றால் காரணமே உள்ளே இருக்கிறது. இணைப்புச் சொல் ஒன்று மாறியதும் காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன.

இதைக் கண்டுபிடிக்கத் தமிழ் கைகொடுக்கும். 'அவர் வந்தார் என்ற வதந்தி' என்கிறோம். 'அவர் வந்தார் என்ற சான்று' என்று சொல்கிறோமா? இல்லை. 'என்பதற்குச் சான்று', 'என்பதற்கான அறிகுறி' என்று நான்காம் வேற்றுமைக்குப் போகிறோம். தமிழ்க் காது 'என்ற' கேட்டால் பெயரும் வாக்கியமும் பெரும்பாலும் ஒன்றே, 'இஸ்' சேர்த்தாலும் பொருள் கெடாது. 'என்பதற்கு' கேட்டால் இரண்டும் வேறு வேறு, 'இஸ்' சேர்த்தால் பொருள் புரளும். 'எவிடன்ஸ்', 'ப்ரூஃப்', 'சைன்' மூன்றையும் இந்தக் கூட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். க்வர்க் குழுவினரின் சமன்பாடு 'ரூமர்' போன்றவற்றுக்குப் பொருந்துகிறது, சான்றுக் கூட்டத்துக்குப் பொருந்தவில்லை என்பதால் நான் இந்த விஷயத்தில் ஹடில்ஸ்டன் பக்கம்.

'ரீசன்' பற்றிப் பேசும்போதே ஒன்று: 'த ரீசன் இஸ் பிகாஸ்' என்பதை நல்ல ஆங்கில எழுத்தாளர்களும் நெடுங்காலமாக எழுதி வந்திருக்கிறார்கள். இருந்தாலும் திருத்துபவர்கள் பலருக்கு அது கண்ணை உறுத்தும். தேர்வில் 'இஸ் தட்' போட்டுவிடுங்கள்.

இனி, தலைப்பில் உள்ள கேள்வி. தமிழ் 'என்ற' ரொம்பத் தாராளமான சொல். ஆங்கில 'தட்' அவ்வளவு தாராளம் கிடையாது. எங்கெல்லாம் ஏமாற்றும் என்று சொல்கிறேன்.

'போகலாமா வேண்டாமா என்ற கேள்வி': இங்கே 'க்வெஸ்சன் தட்' வராது. கேள்விக்குள் கேள்விதான் இருக்க முடியும், ஆகவே 'வெதர்' அல்லது 'ஆஃப் வெதர்'. ஆனால் 'தேர் இஸ் நோ க்வெஸ்சன் தட் ஹி இஸ் ஆனஸ்ட்' சரி. அங்கே 'நோ க்வெஸ்சன்' என்பது 'சந்தேகமே இல்லை' என்று பொருள் மாறிவிட்டது. 'டவுட்'டும் இதே குணம்: 'நோ டவுட் தட்' இயல்பு, 'நோ' இல்லாவிட்டால் 'வெதர்' பொருத்தம்.

'டாக்டராக வேண்டும் என்ற ஆசை', 'ஊரைவிட்டுப் போக வேண்டும் என்ற எண்ணம்': ஆசைப்படுபவரும் செய்பவரும் ஒரே ஆள் என்றால் ஆங்கிலம் 'டு' பக்கம் சாயும். 'த டிசையர் டு பிகம் அ டாக்டர்'. இதில் 'தட் ஐ ஷுட் பிகம்' என்று நீட்டினால் பழங்காலக் கடிதம் போல இருக்கும். 'என்ற நோக்கத்தில்' வந்தால் 'வித் தி எய்ம் ஆஃப்' என்று போட்டு வினையில் 'இங்' சேர்க்க வேண்டும். 'எய்ம்' சொல்லுக்கு 'இஸ் தட்' வரும், ஆனால் நேராக 'தட்' ஒட்டுவது அரிது. 'பாசிபிலிட்டி' இதற்கு நேர் எதிர். 'தட்' வரும், 'ஆஃப்' வரும், 'டு' வராது. 'பாசிபிலிட்டி டு ஸ்டடி' என்று எழுதுபவர்களுக்குத் தேவைப்படுவது 'சான்ஸ் டு ஸ்டடி' அல்லது 'ஆப்பர்ச்சுனிட்டி'. 'சான்ஸ்' மட்டும் இரட்டை வேடம்: 'சான்ஸ் தட்' என்றால் நடக்கக்கூடும், 'சான்ஸ் டு' என்றால் பெரும்பாலும் வாய்ப்பு.

'மழை பெய்கிற நிலையில்', 'என்ற நிலையில்' எல்லாம் தமிழ்ப் பத்திரிகை நடை. அதை 'இன் த சிச்சுவேஷன் தட்' என்று இழுக்காதீர்கள். 'வென்', 'ஸின்ஸ்', 'ஆஸ்' போதும். 'என்ற காரணத்தால்' என்பதற்குப் பெரும்பாலும் ஒரு 'பிகாஸ்' போதும். மனு, முறையீடு போன்ற இடங்களில் 'ஆன் த கிரவுண்ட்ஸ் தட்' கம்பீரமாக இருக்கும்.

'த நியூஸ் ஆஃப் தட்' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் தட்-வாக்கியம் பொதுவாக உட்காராது. 'இன் தட்', 'எக்ஸெப்ட் தட்' போலச் சில விதிவிலக்குகள் உண்டு. இந்தத் தடையால்தான் 'த ஃபேக்ட் தட்' அவ்வளவு புழங்குகிறது. 'டிஸ்பைட்'டுக்குப் பின்னால் வாக்கியம் போட முடியாதா? நடுவில் 'த ஃபேக்ட்'டை ஒரு பாலமாகப் போடு, பிறகு 'தட்' வந்து உட்காரும். 'டிஸ்பைட் த ஃபேக்ட் தட் இட் வாஸ் ரெய்னிங்'. இலக்கணம் சரி. ஆனால் 'ஆல்தோ' ஒரு சொல்லில் முடிக்கும் வேலைக்கு நான்கு சொல் செலவு. 'டியூ டு த ஃபேக்ட் தட்' என்பது அலுவலகக் கடிதங்களில் 'ப்ளீஸ் பி இன்ஃபார்ம்ட் தட்' போலவே ஒரு வியாதி, 'பிகாஸ்' போதும். வேறு வழியில்லாத இடங்களுக்கு அந்தப் பாலத்தை வைத்துக்கொள்ளுங்கள்: 'அபார்ட் ஃப்ரம் த ஃபேக்ட் தட்', 'பாயின்ட்ஸ் டு த ஃபேக்ட் தட்'.

பெயரும் 'தட்'டும் எப்போதும் ஒட்டியே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 'அ ரூமர் ஸ்ப்ரெட் தட் த ஃபெரி வுட் ஸ்டாப்': பட்டர்வொர்த் ஃபெரி நிற்கப் போகிறது என்ற வதந்தி பரவியது. 'ரூமர்' எழுவாயாக முன்னால் நிற்கிறது, அதன் உள்ளடக்கம் வினையைத் தாண்டிக் கடைசியில் வருகிறது. நீளமான துண்டைக் கடைசிக்குத் தள்ளுவது ஆங்கிலத்தின் பழக்கம். எல்லாவற்றையும் எழுவாயிலேயே திணித்து, கடைசியில் 'ஸ்ப்ரெட்' என்று ஒற்றைச் சொல்லைத் தொங்கவிட்டால் வாக்கியம் தலை கனத்து விழும். நம் மொழியில் வினை கடைசியில் வந்தே பழகியதால் நமக்கு அந்தக் கனம் தெரிவதில்லை.

'தட்'டை விட்டுவிடலாமா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. 'ஐ திங்க்' போன்ற வினைக்குப் பின் விடலாம். பெயர்ச்சொல்லுக்குப் பின் எழுத்தில் விடாமல் இருப்பதே நல்லது. 'த ஃபேக்ட் ஹி லெஃப்ட்' பேச்சில் காதில் விழும், கட்டுரைக்கு ஆகாது. கமா விஷயம் சின்னது. 'த ஃபேக்ட் தட்' நடுவில் கமா இல்லை. 'ஹிஸ் லாஸ்ட் ஆர்க்யுமென்ட்' என்பதுபோல எது என்று ஏற்கெனவே தெளிவாகிவிட்ட பெயருக்குப் பின்னால் கூடுதல் தகவலாக 'தட்' வந்தால், முன்னும் பின்னும் கமா போடலாம்.

கடைசியாக, மூவெட்டில் உயர்ந்த பேண்ட் (தரநிலை) குறிவைக்கிறீர்கள் என்றால் 'ஸஜெஷன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'த ஸஜெஷன் தட் ஹி இஸ் இல்' என்றால் அவருக்கு உடம்பு சரியில்லை போலும் என்ற குறிப்பு. 'த ஸஜெஷன் தட் ஹி பி மூவ்ட்' என்றால் அவரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்ற யோசனை. பெயர் ஒன்றே, உள்ளே இருக்கும் வினையின் உருவம்தான் பொருளைப் பிரிக்கிறது. தமிழில் 'வேண்டும் என்ற' என்று வந்தால் இரண்டாவது வகை. 'டிமாண்ட்', 'ரெக்கமண்டேஷன்', 'ப்ரபோசல்' ஆகியவற்றுக்கும் இதே கணக்கு. வெறும் 'பி' அமெரிக்க எழுத்தில் அதிகம். பிரிட்டிஷ் எழுத்தில் 'ஷுட் பி' என்று வருவது சகஜம். நம் பள்ளிகளில் பழகியது பிரிட்டிஷ் வழக்கு என்பதால், தேர்வில் 'ஷுட்' சேர்த்தே எழுதுங்கள்.